எழுபது கிலோ

எடை பார்க்கும் மெஷினில் ஏறி நிற்கும்போது அவர் இடது கையைப் பக்கத்திலிருக்கும் வாஷிங் மெஷின் மீது ஊன்றிக்கொள்வார். சும்மா ஒரு பிடிமானத்துக்கு. காலடியில் எண் கிடுகிடுவென்று ஏறும். அது ஏற ஏறக் கையும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தும். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது என்று ஏதோ ஒரு மரியாதையான இடத்துக்கு வந்ததும் கை அழுத்துவதை நிறுத்தும், எண்ணும் நிற்கும். கையை எடுத்தால் என்ன எண் வரும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தானே கை அங்கே இருக்கிறது. சமையலறையிலிருந்து மனைவி எவ்வளவு என்று கேட்டால், போன வாரம் மாதிரிதான் என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை. போன வாரமும் அதே கைதான்.

இத்தனைக்கும் அவருடைய பிழைப்பில் பாதி எடை சம்பந்தப்பட்டது. லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பெட்டிக்கு அடியில் எடையை உணரும் சென்சார் ஒன்று இருக்கும். அளவுக்கு மீறி ஆள் ஏறினால் மணி அடிக்கும், கதவு மூடாது, ஒருவர் இறங்கும்வரை பெட்டி இடத்தைவிட்டு அசையாது. அந்தச் சென்சாருக்கு எடை என்றால் என்னவென்று முதலில் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். காலியான பெட்டியைக் காட்டி இதுதான் பூஜ்யம் என்று பதிய வேண்டும். பிறகு எடை தெரிந்த ஒரு பொருளை உள்ளே வைத்து, இது இத்தனை கிலோ என்று கட்டுப்பாட்டுப் பெட்டியில் எண்ணை அழுத்த வேண்டும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அது அந்தக் கணக்கை வைத்துத்தான் உலகத்தை நிறுக்கும். இதற்கென்றே கம்பெனியில் இரும்பு எடைக்கற்கள் உண்டு. மேலே கைப்பிடி வைத்தவை, கறுத்தவை, தூக்கினால் விரலைத் தின்பவை.

அந்தக் கற்களை அவர் காலத்தில் யாரும் அதிகம் தூக்கியதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் சரியாக எழுபது கிலோ. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விடிகாலையில் மைதானத்தில் ஓடுவார், கம்பியில் தொங்குவார், லிஃப்ட் குழிக்குள் ஏணியே இல்லாமல் இறங்கி ஏறுவார். கிடங்கின் தராசில் பந்தயம் கட்டி ஏற்றிப் பார்ப்பார்கள். முள் எழுபதில் போய் நிற்கும். ஒருநாள் கற்களை எடுத்துவர மறந்துவிட்டபோது யாரோ ஒருவர், எழுபது இருக்கும்போது இரும்பு எதுக்கு என்று அவரையே பெட்டிக்குள் நிறுத்திச் சென்சாரைச் சரிபார்த்தார். அன்றிலிருந்து அதுவே வேலைமுறை ஆகிவிட்டது, அவருக்குப் பெயரும் ஆகிவிட்டது. எழுபது. பிறகு எழுபது அண்ணன். இப்போது சேருகிற பிள்ளைகளுக்கு ஏன் அந்தப் பெயர் என்றே தெரியாது. வயதாக இருக்குமோ என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உடம்பு எப்போது கைவிட்டது என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும். நாற்பதைத் தாண்டியதும் முட்டி ஒருமுறை மக்கர் பண்ணியது, ஓட்டம் நின்றது. முட்டி சரியானது, ஓட்டம் திரும்பவில்லை. சீனியர் என்பதால் குழிக்குள் இறங்கும் வேலை கூட்டாளி குச்சிக்குப் போனது. குச்சிக்கும் அவர் வயதுதான், ஆனால் எதைத் தின்றாலும் எங்கே போகிறது என்று தெரியாத உடம்பு. மேலே நின்று அதிகாரம் பண்ணுவது அவர் வேலை ஆனது. உட்கார்ந்த இடத்தில் மதியச் சாப்பாடு, உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கண்ணயர்வு. சட்டையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தவர் வெளியே விட்டார். காற்றோட்டமாக இருக்கிறதாம்.

பேன்ட் மட்டும் எப்போதும் சரியாக இருந்தது. அதற்குக் காரணம் அவர் மனைவி. அவள் துணிக்கடை ஒன்றில் அளவு திருத்தும் தையல்காரி; வீட்டிலும் ஒரு மெஷின் உண்டு. துவைத்து மடிக்கும்போது இடுப்புத் தையல் எங்கே விம்மியிருக்கிறது என்று பார்த்து, கேட்காமலேயே பிரித்து, உள்மடிப்பில் இருக்கும் துணியை விட்டுத் தைத்துவிடுவாள். அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. நாளெல்லாம் பிறர் இடுப்பில் நாடா சுற்றுகிறவள் அவள். நாடா வந்ததும் மனிதர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஏதாவது ஊர்க்கதை பேசிக்கொண்டே காத்திருப்பாள். பேச்சுக்குப் பதில் சொல்ல அவர்கள் மூச்சை விடுவார்கள். அப்போது அளவெடுப்பாள்.

குனிந்து தைத்துத் தைத்து அவளுக்குத் தோள்பட்டையும் இடுப்பும் போய்விட்டிருந்தன. மாத்திரையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவளிடம் டாக்டர், இந்த வயதில் எடை குறைவதைவிடத் தசை குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம், வெயிட் தூக்கிப் பழகு என்றாராம். கடைக்கு எதிர்த் தெருவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் உச்சி மாடிக் கூடத்தில் பெண்களுக்கு மாலைப் பயிற்சி நடந்தது. நாற்பதைக் கடந்தவர்கள்தான் எல்லோரும். அவள் போய்ச் சேர்ந்தபோது இவர் விழுந்து விழுந்து சிரித்தார். பயில்வான் வருது வழிவிடுங்க என்று வாசலில் நின்று கேலி செய்தார். அவள் கண்டுகொள்ளவில்லை. சில மாதத்தில் அவள் எடை ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை, ஆனால் ரவிக்கையைக் கை பக்கம் பிரித்தும் இடுப்புப் பக்கம் பிடித்தும் தைத்துக்கொண்டாள். முன்பெல்லாம் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்க இவரைக் கூப்பிடுவாள். ஒருநாள் இவர் குளித்துவிட்டு வருவதற்குள் அவளே தூக்கி வைத்திருந்தாள். இவர் அதைப் பார்த்துவிட்டு, தண்ணி சிந்தியிருக்கு பாரு என்றார்.

அந்தக் குடியிருப்பின் லிஃப்ட்டைப் பார்த்துக்கொள்வதும் இவர் கம்பெனிதான். சென்சார் கெட்டுப்போய்ப் புதிது மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியது குச்சி, அளவு பதிய வேண்டியவர் இவர். எடைக்கற்கள் வேனில் இருந்தன. வேனை வாசலில் நிறுத்த இடமில்லாமல் தெருமுனையில் விட்டிருந்தார்கள். அங்கிருந்து கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவர வேண்டும். காவலாளி, குடியிருப்புச் சங்கச் செயலாளர், விளையாடுகிற பிள்ளைகள், அத்தனை பேர் முன்னாலும் மூச்சு வாங்கிக்கொண்டு, நடுவில் கல்லைக் கீழே வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு. குச்சி வேன் சாவியைக் கேட்டபோது அவர் பழைய சிரிப்பைச் சிரித்தார். எழுபது இருக்கும்போது இரும்பு எதுக்குடா என்றார். பெட்டிக்குள் ஏறி நின்றார். குச்சி வெளியிலிருந்து எண்ணை அழுத்தினான். தன் பெயரைச் சொல்லும்போது யாராவது அது உண்மையா என்று யோசிப்பார்களா. அவரும் யோசிக்கவில்லை. அப்படித்தான் அவர் பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். உண்மையில், குச்சி எண்ணை அழுத்திய அந்த நொடியில் அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். எடைக்கு வயிற்றை இழுத்து என்ன பயன் என்று லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியாதா.

ஒரு மாலையில் செயலாளர் போன் செய்தார். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது, உள்ளே பயிற்சி வகுப்புப் பெண்கள், உங்கள் மனைவியும் இருக்கிறார் என்றார். இவரும் குச்சியும் போனபோது இரண்டு மாடிகளுக்கு நடுவே பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. குச்சி மேலே மோட்டார் அறைக்கு ஓடி, பிரேக்கைக் கையால் தளர்த்தி அங்குலம் அங்குலமாக இறக்கினான். தளத்துக்கு நேராக நிற்காமல், சுமை இழுத்ததில் கொஞ்சம் கீழே இறங்கித்தான் நின்றது. கதவைத் திறந்தால், உள்ளே எட்டுப் பெண்கள், வியர்வையும் வெட்கமுமாக, தங்கள் பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். படி மாதிரி ஏறி வெளியே வர வேண்டியிருந்தது. செயலாளர் நின்றார், எதிர்வீட்டுக்காரர்கள் நின்றார்கள், யாரோ போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். கடைசியாகப் பேங்க் அக்கா. வங்கியில் வேலை பார்க்கிறவள், வகுப்பிலேயே பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. ஏறுவதற்குக் காலைத் தூக்கினாள், முடியவில்லை. முழங்காலை ஊன்றிக் கைகளால் தவழ்ந்துதான் வெளியே வந்தாள். எழுந்து நின்றதும் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு மட்டும்தான் பழையது.

இவர் அப்போதே கண்டுபிடித்துவிட்டார். எட்டுப் பேர் போகும் லிஃப்ட், எட்டுப் பேர்தான் ஏறியிருக்கிறார்கள். ஆனால் நல்ல உடம்புக்காரர்கள், ஆளுக்கொரு பை, பைக்குள் டம்பெல். மணி அடித்திருக்க வேண்டும். அடித்திருந்தால் ஒருவர் இறங்கியிருப்பார், அத்தோடு கதை முடிந்திருக்கும். மணி அடிக்காததால் பெட்டி சுமையோடு கிளம்பி, மோட்டார் திணறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிட்டது. மணி ஏன் அடிக்கவில்லை. சென்சாருக்கு யாரோ குறைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். யாரோ. அவருடைய காது மடல்கள் சூடாயின. சென்சாரிடம் தன்னை எழுபது என்று அறிமுகம் செய்துகொண்ட ஆள் அப்போது எழுபது இல்லை. எவ்வளவு என்று அவருக்கே தெரியாது, ஆனால் எழுபது இல்லை. அவர் சொன்ன பொய்யை நம்பி, அந்தப் பெட்டி அதற்குப் பிறகு ஏறிய ஒவ்வொருவரையும் குறைத்தே நிறுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

செயலாளர் கிட்டே வந்து என்ன காரணம் என்று கேட்டார். பக்கத்தில் பெண்கள் நின்றார்கள். மனைவி நின்றாள்.

"லோடு அதிகமாயிடுச்சு சார்," என்றார் இவர்.

"எட்டு பேர்தானே ஏறினாங்க? எட்டு பேர்னுதானே போட்டிருக்கு?"

"அது சாதாரண ஆளுங்களுக்கு சார்."

சொன்னபிறகு அந்த வாக்கியத்தை வாய்க்குள் திரும்ப இழுத்துக்கொள்ள முடிந்தால் இழுத்திருப்பார். பேங்க் அக்கா தன் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். மனைவி அவரைப் பார்க்கவில்லை. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்வார்கள். இங்கே பாவம் பழியின் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றது.

மறுநாள் லிஃப்ட்டுக்குள் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. எட்டுப் பேர் என்பது சராசரி உடல்வாகு உள்ளவர்களுக்கே பொருந்தும் என்றும், மற்றவர்கள் அனைவரின் பாதுகாப்பையும் கருதிப் படிகளைப் பயன்படுத்துமாறும், படி ஏறுவது உடலுக்கும் நல்லது என்றும் செயலாளர் தன்னுடைய நல்ல தமிழில் எழுதியிருந்தார். மரியாதையாக எழுதப்பட்ட அவமானம் சாதாரண அவமானத்தைவிட ஆழமாக இறங்கும். மனைவி அதைப் படித்துவிட்டு வந்த மாலையில் தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு பாவாடையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலியில் இவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார். அவள் பிரித்துக்கொண்டிருந்தது நல்ல தையல். கண்ணீர் வழிந்து துணியில் சொட்டிக்கொண்டிருந்தது, அவள் அதைத் துடைக்கவும் இல்லை. எங்க உடம்புதான் காரணமாம் என்றாள், அவரிடம் சொல்வதாக இல்லாமல். அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அது நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாக அவர், கொஞ்சம் பாத்து ஏறியிருக்கலாம்ல என்றார். அவள் தலையாட்டினாள். ஆமாம், பார்த்து ஏறியிருக்கலாம்.

அதோடு வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். டம்பெல்களைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். இரண்டு மூன்று பேர் ஏற்கெனவே நின்றுவிட்டார்கள் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. பேங்க் அக்கா மட்டும் அத்தனை மாடியும் படியில் ஏறிப் போகிறாளாம், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று. கேட்கக் கேட்க இவருக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்று சொல்கிறோமே தவிர, இறங்கத்தான் செய்தது; அதுதான் அவருக்குத் தன் மீதே வந்த கோபம். வெட்கப்பட்டால் வயிறு நிறைந்துவிடும் என்றால் உலகத்தில் யாரும் பருத்திருக்க மாட்டார்கள். மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு தைத்தாள். தண்ணீர் கேன் வந்தபோது அவள் அதைத் தூக்கப் போகவில்லை, இவரையும் கூப்பிடவில்லை. கேன் வாசலிலேயே கிடந்தது. இவர்தான் தூக்கினார். கவிழ்ப்பதற்குள் கை நடுங்கித் தரையெல்லாம் தண்ணீர்.

கிடங்கில் யாரும் இல்லாத ஒரு மதியம் அவர் பழைய தராசின் பக்கம் போனார். தராசு சுவரை விட்டுத் தள்ளி நின்றது, ஊன்ற ஒன்றும் இல்லை. செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து போனை, சாவிக்கொத்தை, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வைத்தார். இத்தனையும் வைத்தபிறகும் ஏறாமல் நின்றார். பரீட்சை ரிசல்ட்டுக்குப் பயந்த வயதில்கூட அவருக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. ஏறினார். முள் எழுபதை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தாண்டிப் போனது, எண்பதைத் தாண்டியது, தொண்ணூறையும் தாண்டித்தான் நின்றது. கீழே பார்த்தால் தன் வயிறுதான் தெரிந்தது. முள்ளைப் பார்க்க முன்னால் குனிய வேண்டியிருந்தது. அந்த எண்ணைவிட, எண்ணைப் பார்க்கக் குனிய வேண்டியிருந்ததுதான் அவரை உடைத்தது. தராசிலிருந்து இறங்கி அங்கேயே ஒரு மரப்பெட்டி மீது உட்கார்ந்துவிட்டார்.

யாரிடமும் சொல்லாமல் சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது. சரிசெய்துவிட்டால் பிறகு யாருக்கு என்ன நஷ்டம். விடுமுறை நாள் ஒன்றில், குச்சியைக்கூடக் கூப்பிடாமல், வேனைத் தெருமுனையில் நிறுத்தி எடைக்கற்களைத் தானே சுமந்தார். ஒரு கல்லைத் தூக்கிவந்து வைத்துவிட்டு அடுத்ததற்கு நடப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. காவலாளி உதவிக்கு வரவா என்று கேட்டான், வேண்டாம் என்றார். எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடுக்கி, சென்சாரிடம் முதல் தடவையாக உண்மையைச் சொன்னார். மேலும் கற்களை ஏற்றினார். மணி அடித்தது. ஒரு கல்லை எடுத்தார், நின்றது. வைத்தார், அடித்தது. அந்தச் சத்தம் அவருக்கு மனசுக்கு இதமாகக்கூட இருந்தது. கற்களை வெளியே எடுத்துச் சுவரோரம் வைத்து முடித்தபோது மாலையாகிவிட்டது. இனி ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்று நெற்றியைத் துடைத்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டதாக நினைக்குமாம்.

வாசலில் பேச்சுக்குரல். பேங்க் அக்கா முன்னால் வந்தாள். அவள் துணிக்கடைக்கே போய், கையோடு இவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நின்றுபோன மற்றவர்களையும் அப்படித்தான் வீடு வீடாகப் போய்த் திரட்டியிருந்தாள். மனைவி அவரைப் பார்த்து, இன்னிக்கு லீவுன்னு சொன்னீங்களே என்றாள். சின்ன வேலை என்றார். செயலாளரும் பால் பாக்கெட்டோடு வந்து சேர்ந்தார். லிஃப்ட்டை முழுசா செக் பண்ணியாச்சு சார், இனிமே பிரச்சனை வராது என்று இவர் சொல்ல, பேங்க் அக்கா தோழிகளிடம் திரும்பினாள். அப்போ பயப்படாம ஏறுங்கடி, எதுக்கும் ஒரு ஆள் குறைச்சே ஏறுவோம் என்று ஒருத்தியைப் படிக்கு அனுப்பினாள். எட்டுக்கு ஏழு. ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். கடைசியாக இவர் மனைவி. அவள் வலது காலை உள்ளே வைத்தாள், இடது காலை எடுத்து வைத்தாள். மணி அடித்தது.

அவள் காலைப் பின்னுக்கு இழுத்தாள். மணி நின்றது. அன்று எட்டுப் பேர் ஏறியபோது அடிக்காத மணி, இன்று முழுசாகச் சரிபார்த்த பிறகு ஏழு பேருக்கு அடிக்கிறது என்றால் அதற்கு என்ன பொருள் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது, தவறாகத் தெரிந்தது. செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அறிவிப்பு ஒட்டியிருந்த பக்கமாக ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். பேங்க் அக்கா, எக்சர்சைஸ் பண்ணிப் பண்ணி வெயிட்டு ஏறிப்போச்சு போல என்று சிரிக்கப் பார்த்தாள். அவளே இறங்குவதற்குப் பையை எடுத்தாள்.

"நீங்க இருங்க அக்கா. நான் படியில வரேன்," என்றாள் மனைவி. அவள் முகம் கழுவிவிட்ட சிலேட்டு மாதிரி இருந்தது. படியை நோக்கி நடந்தாள். தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நில்லு," என்றார் இவர்.

அவள் நின்றாள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சுவரோரம் அடுக்கியிருந்த இரும்புக் கற்களை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின்ல தப்பில்ல. உங்க யார் மேலயும் தப்பில்ல. அன்னிக்கே மணி அடிச்சிருக்கணும். நான்தான் அதுக்குத் தப்பாச் சொல்லிக்கொடுத்தேன். இந்தக் கல்லை வச்சு செட் பண்ணணும். தூக்க முடியாம, நானே உள்ள ஏறி நின்னு எழுபதுன்னு போட்டுட்டேன்."

அதற்கு என்ன என்பதுபோலப் பார்த்தார்கள். லிஃப்ட் வேலை அவர்களுக்கு என்ன தெரியும். இன்னும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்வதைவிட அத்தனை கற்களையும் மறுபடி தெருமுனைக்குச் சுமந்துவிடலாம்.

"நான் எழுபது இல்ல," என்றார்.

மனைவி திரும்பினாள். அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். கடையில் நாடாவோடு நிற்கும்போது அவள் பார்க்கும் பார்வை அது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் காத்திருந்தாள். அவர் மூச்சை விட்டார்.

"எவ்வளவு?" என்றாள்.

"தொண்ணூத்தாறு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேங்க் அக்கா கையிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தாள். உள்ளே இருந்த டம்பெல்கள் தரையில் இடித்துக்கொண்டன. செயலாளர் பால் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, அப்போ அன்னிக்கு என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. பிறகு லிஃப்ட்டுக்குள் ஒரு காலை வைத்து, கையை நீட்டி, அறிவிப்பின் ஒரு மூலையை நகத்தால் கீறினார். நன்றாக ஒட்டியிருந்தது. கிழிந்து பாதிதான் வந்தது. 'சராசரி உடல்வாகு' சுவரிலேயே தங்கிவிட்டது.

மனைவி கிட்டே வந்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். போட்டிருந்தால் தாங்கியிருப்பார்.

"அன்னிக்கு நான் மெஷின்ல உக்காந்து அழுதேன்," என்றாள். "நீங்க எதிர்லதானே உக்காந்திருந்தீங்க."

உடம்பைப் பற்றித்தான் இத்தனை நாளும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தோம் என்று நினைத்திருந்தார். வெட்கப்பட வேண்டியது அதுவாக மட்டும் இருந்தால் எவ்வளவு சுலபம். உடம்பைக் குறைக்க நூறு வழி சொல்வார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதனை எங்கே கொண்டுபோய்க் குறைப்பது.

உள்ளே இருந்தவர்களில் ஒருத்தி, நான் படியில போறேன், எனக்கு மூட்டு நல்லாத்தான் இருக்கு என்று இறங்கிக்கொண்டாள். மனைவி ஏறினாள். மணி அடிக்கவில்லை. அவள் பொத்தான் பலகைப் பக்கம் நின்று, கதவு மூடாமல் இருக்கும் பொத்தானில் விரலை வைத்தாள். அவரைப் பார்த்தாள்.

"ஏறுங்க."

"நான் எதுக்கு? வகுப்பு பொம்பளைங்களுக்குத்தானே."

"ஏறுங்கன்னு சொன்னேன்."

"மணி அடிக்கும்."

"அடிக்கட்டும்."

அவர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். செயலாளர் ஒதுங்கி வழிவிட்டார். ஒரு காலை வைத்தார். பெட்டி மெல்ல அசைந்து கொடுத்தது. எத்தனையோ பெட்டிகளில் ஏறி இறங்கிய அவர் பாதத்துக்கு அந்த அசைவின் பொருள் தெரியும். இன்னொரு காலை எடுத்து வைத்தபோது தலைக்கு மேலே மணி அடிக்கத் தொடங்கியது. வெளியே நின்று கேட்டபோது அவருக்கு இதமாக இருந்த அதே மணி, உள்ளே காதைக் கிழித்தது. அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். யாரும் இறங்கவில்லை. பேங்க் அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவியின் விரல் பொத்தானை விட்டு வரவில்லை. அந்தக் கை முழங்கைக்கு மேலே திரண்டு, உறுதியாக நின்றது. உச்சி மாடியிலிருந்து படிகளின் நடுவே பயிற்சியாளரின் குரல் இறங்கி வந்தது. என்ன சத்தம் அங்கே, யார் ஏறியிருக்காங்க என்று கேட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. லிஃப்ட்டுக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பதிலை அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.